பன்னிரண்டாவது மாவு

என் கல்யாணம் பதினொரு முறை தட்டிப்போனது. ஜாதகத்தால் அல்ல, சீர்வரிசையால் அல்ல, என் மூஞ்சியாலும் அல்ல. இட்லி மாவால்.

பூவம்மாள் அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்கள். அத்தைதான் தேவனாம்பட்டினத்தில் என்னை வளர்த்தாள். மீன் விற்றே என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்து, மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆனால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவது நின்றபடி, சண்டை போடுவது நடந்தபடி, தூங்குவதுகூடச் சுவரில் சாய்ந்தபடிதான். "படுத்தா அப்புறம் எழுந்திருக்கணும். அது ரெண்டு வேலையாவுது" என்பாள்.

அவளுடைய வலது கைக் கட்டை விரல் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் பிரசித்தம். மீன் வயிற்றில் ஓர் அழுத்து அழுத்தினால், அது எந்த நாழிகையில் எந்த வலையில் பட்டது என்று சொல்லிவிடுவாள். ஒரு முறை ஒரு வஞ்சிரத்தை அழுத்திவிட்டு, "இதப் புடிச்சவன் பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டுக் கடலுக்குப் போயிருக்கான்" என்றாள். விசாரித்தோம். சரியாக இருந்தது. சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு மட்டும், "அதுக்கு இன்னொரு மீனு வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தக் கையை நம்பித்தான் அவள் எனக்குப் பெண் பார்த்தாள். இது நடந்தது அறுபத்துமூன்றாம் வருஷம். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் நாளே அந்த வீட்டில் மாவு ஆட்டி வைத்திருப்பார்கள். அத்தை கூடத்துக்குள் நுழைவாள். பெண்ணை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று நேரே சமையலறைக்குள் போவாள். மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்குவாள். கையை மணிக்கட்டு வரை ஒரே குத்தாகக் குத்துவாள். பெண்ணின் குணம் முழுவதும் அந்தக் குத்தில் வந்துவிடும்.

மாவு புளித்திருந்தால் பெண்ணுக்கு மறதி. நீர்த்திருந்தால் செலவாளி. கெட்டியாக இருந்தால் கஞ்சம். கொரகொரப்பாக இருந்தால், ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வாசலில் வேடிக்கை பார்த்தவள். சோனாங்குப்பத்தில் ஒரு வீட்டில் மாவு வெண்ணெய் மாதிரி இருந்தது. இதில் என்ன குறை சொல்லப்போகிறாள் என்று நான் தைரியமாக இருந்தேன். "இம்மாம் நைசா ஆட்டுறவ நம்மள நைசா ஏமாத்திடுவா, வாடா போலாம்" என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்படிப் பதினொரு வீடு. அத்தையின் வீட்டுக்காரர் கலியபெருமாள் மாமா எல்லா வீட்டுக்கும் கூடவே வருவார். அவர் வருவது பஜ்ஜிக்காக. எந்த ஊர்ப் பஜ்ஜி முதல், எந்த ஊர்ப் பஜ்ஜி கடைசி என்று பதினொன்றையும் வரிசைப்படுத்தி மனப்பாடமாக வைத்திருந்தார். எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. என்னோடு படித்த ஒருவன் தன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடமே வந்தான். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அவ்வளவு நன்றாக வரவில்லை.

பன்னிரண்டாவது பெண் அப்படி இல்லை. அவளை நானே பார்த்து வைத்திருந்தேன்.

அந்த மாசியில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொருட்காட்சி நடந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். உரித்த முட்டை ஒன்றைக் கண்ணாடிப் புட்டியின் வாயில் வைத்து, உள்ளே காகிதத்தைக் கொளுத்திப் போட்டு, முட்டையைத் தானாகவே உள்ளே விழ வைத்தாள். மூன்று நாளும் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த முட்டையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "உள்ள போன முட்டைய வெளிய எப்டிங்க எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"பொறுமையா எடுப்பேன் சார்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பெயர் புஷ்பவள்ளி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா இல்லை. அப்பா நடனசபாபதி கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் ஜனம்தான். தரகரைப் பிடித்து, இந்த ஜாதகத்தை அவராகவே கண்டெடுத்த மாதிரி அத்தையிடம் கொண்டு வரச் செய்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்று வாயே திறக்கவில்லை. மீன் வாங்க வருகிறவன் மீனைப் புகழ்ந்தால் அத்தைக்கு அந்த மீன் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறினோம். அத்தை கதவோரம் நின்றுகொண்டாள். நான் மாமாவின் காதுக்கருகில் குனிந்தேன்.

"மாமா, இந்த ஒரு தடவ அத்த அடுப்பங்கரைக்குப் போவாம பாத்துக்கணும்."

"நானா?" என்றார் மாமா. "கடல வேணா நிறுத்தச் சொல்லு மாப்ள, பாக்கறேன்."

"நீங்க மனசு வெச்சா முடியும்."

"முடியாது. வாழக்கா பஜ்ஜியா, கத்திரிக்கா பஜ்ஜியான்னு எதுனா சொல்லிவுட்டாங்களா?"

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

நாங்கள் ரயிலில் இருந்த அதே நேரத்தில் சிதம்பரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புஷ்பவள்ளி மூன்றாம் வகுப்புக்குத் திடப்பொருள், திரவப்பொருள் பாடம் நடத்தியிருக்கிறாள். திடப்பொருளுக்குத் தன் உருவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் உருவத்தை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, பக்கத்து வீட்டுக் குப்பு என்ற எட்டு வயசுப் பெண் எழுந்து, "ரெண்டாவும் இருக்கறது எதுனா இருக்குதா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். "ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா, காட்டறேன்" என்று சொன்ன டீச்சருக்கு, அதே ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை.

சொன்னபடி காலையிலேயே குப்பு நான்கு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். சேலைக்குக் கஞ்சி போட விற்கிற மரவள்ளி மாவு அப்பா கடையில் மூட்டையாக இருந்தது. அதில் இரண்டு படி எடுத்தார்கள். வாய் அகன்ற பாத்திரம் வேண்டுமே? வீட்டில் இருந்த ஒரே பெரிய பாத்திரம் ஈயம் பூசிய பித்தளைக் குண்டான். அதில் முதல் நாள் அப்பா சொல்லி ஆட்டி வைத்த இட்லி மாவு இருந்தது. இட்லி மாவை ஒரு மண்பானைக்கு மாற்றிக் கொல்லையில் கிணற்றடியில் வைத்துவிட்டுக் குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டார்கள். மாவைக் கொட்டி, ஒரு படி பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கையால் பிசைந்தார்கள். பார்ப்பதற்குத் தோசை மாவு மாதிரியே வெள்ளை வெளேரென்று ஒன்று கிடைத்தது. விரலை மெல்ல விட்டால் பால் மாதிரி உள்ளே வாங்கிக்கொண்டது. ஓங்கிக் குத்தினால் கல் மாதிரி தடுத்தது. கையில் அள்ளி வேகமாக உருட்டினால் உருண்டை. உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் ஒழுகியது. பிள்ளைகள் மத்தியானம் வரை அதை விடவில்லை. நெய்வேலிக் கரி மாதிரி முகம் கறுத்து நடனசபாபதி வந்து, "ஏம்மா, மணி ரெண்டாவுது, மாப்ள வூட்டுக்காரங்க வந்துடுவாங்க!" என்று கத்தியபோதுதான் புஷ்பவள்ளி புடவை மாற்ற ஓடினாள். போகிற போக்கில், "குப்பு, இதக் கொல்லையில கொண்டு போய்க் கொட்டிடு" என்றாள்.

குப்புவால் குண்டானைத் தூக்க முடியவில்லை. சமையலறையிலேயே மூடி போட்டு வைத்துவிட்டு அவளும் பஜ்ஜிக்கு வந்துவிட்டாள். அந்தக் கிணற்றடி மாவு ஆனி வெயிலில் பொங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்று மணிக்கு நாங்கள் உள்ளே நுழைந்தோம். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. சுவரில் ஒரு மாதக் காலண்டர், பக்கத்தில் பெண்டுலம் கடிகாரம். நடனசபாபதி அந்தக் கடிகாரத்தையே பார்த்தபடி எங்களை வரவேற்றார். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் நல்ல வார்த்தை வந்தாக வேண்டும்.

"உக்காருங்க அத்தாச்சி" என்றார் அத்தையிடம்.

"இருக்கட்டும். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் அத்தை.

"தண்ணி இங்கயே கொண்டாரச் சொல்லலாம் அத்த!" என்றேன் நான். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஏன், எனக்குக் காலு இல்லியா?" என்று போய்விட்டாள். மாமாவைப் பார்த்தேன். மாமா பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்தது, தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

டொக்.

பதினொரு வீட்டில் கேட்காத சத்தம் அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே நடந்தது இதுதான். ஓங்கிக் குத்திய கை மாவில் மோதி எகிறியது. கெட்டி மாவு கண்டிருக்கிறாள். ஆனால் குத்தினால் திருப்பிக் குத்துகிற மாவை அவள் கண்டதில்லை. மீன் வயிற்றை அழுத்துகிற மாதிரி மெல்லக் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். மாவு வழிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே வரை கை இறங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் வெடுக்கென்று இழுத்தாள். மாவு இறுகிப் பிடித்துக்கொண்டது.

"அய்யய்யோ! அய்யனாரப்பா! எங்கையப் புடிச்சிக்கிச்சே!"

கையை உதறிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள் அத்தை. கையோடு குண்டானும் வந்தது. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பதினோரு அடி. பிற்பாடு நான் அளந்தேன். பதினோரு அடியும் அந்தக் குண்டான் தரையில் படவில்லை. உதற உதற அது இன்னும் இறுகியது. ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தால் தானாகவே கழன்றிருக்கும். ஆனால் ஒரு நிமிஷம் சும்மா நிற்பது என்பது அத்தையின் சரித்திரத்திலேயே கிடையாது.

"செய்வினை வெச்சிருக்காங்கடா! மாவுல செய்வினை!" என்று அத்தை கத்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தாச்சி, அது பசங்க..." என்று நடனசபாபதி ஏதோ சொல்ல வந்தார். அவர் தலைக்கு மேலே குண்டான் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் குனிந்துகொண்டார்.

கடலோர ஜனத்துக்கு ஒரு பழக்கம். எது சிக்கிக்கொண்டாலும் கூடி இழுப்பது. கட்டுமரம் மணலில் சிக்கினாலும் சரி, வலை பாறையில் மாட்டினாலும் சரி, முதலில் நாலு பேர் சேருவோம், பிறகுதான் யோசிப்போம். மாமா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். நிலைமை எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரும் நானும் குண்டானின் விளிம்பைப் பிடித்தோம். நடனசபாபதி மரியாதையாக அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலேலோ" என்றார் மாமா.

"ஐலசா" என்றோம் நாங்கள்.

ஒவ்வோர் ஐலசாவுக்கும் ஒரு வெட்டு இழுப்பு. ஒவ்வொரு வெட்டு இழுப்புக்கும் மாவு கருங்கல்லானது. மூன்றாவது ஐலசாவில் அத்தையின் கை ஒரு சாண் நீண்டுவிட்டதாக மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அது மிகை. இரண்டு விரற்கடைதான்.

என் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பதினொரு வீட்டில் மாவு சரியில்லை என்றுதான் அத்தை வந்தாள். இங்கே மாவு அவளையே கடித்துவிட்டது. இனி இந்தத் தெருப் பக்கம்கூட என்னை வரவிட மாட்டாள். முட்டையை வெளியே எடுப்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"எல்லாரும் கையக் கட்டுங்க!"

அறைக் கதவருகில் புஷ்பவள்ளி நின்றுகொண்டிருந்தாள். பெண் பார்க்கும் அன்று கூப்பிடுவதற்கு முன்னால் பெண் வெளியே வரக்கூடாது. வந்துவிட்டாள். பட்டுப் புடவை, தலையில் பாதி கட்டிய பூ. ஆனால் குரல் மூன்றாம் வகுப்புக் குரல். மாமா கையைக் கட்டிக்கொண்டார். நான் கட்டிக்கொண்டேன். பெற்ற அப்பா நடனசபாபதியும் கட்டிக்கொண்டார். அத்தைகூடக் கட்டப் பார்த்தாள், குண்டான் இடித்தது.

"அத்த, உக்காருங்க."

"நான் உக்கார மாட்டேன்டி. எங்கைய..."

"உக்காந்தாத்தான் கையி வரும்."

அத்தை உட்கார்ந்தாள்.

மாமா என் விலாவில் இடித்தார். "மாப்ள, பாத்தியா? கண்ணாலத்தன்னிக்கு மணையில உக்காந்தவ. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்."

புஷ்பவள்ளி குண்டானை அத்தையின் மடிக்கு எதிரே தரையில் இருத்தினாள். "இழுக்காதீங்க. கோவிச்சிக்காதீங்க. விரல லேசா விரிச்சி, சும்மா வெச்சிருங்க. இருவது எண்ணலாம். குப்பு, எண்ணு."

குப்பு ஒரு கையில் பஜ்ஜியோடு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று இழுத்து இழுத்து எண்ணினாள். பன்னிரண்டில் குண்டானுக்குள் ஏதோ இளகியது. பதினைந்தில் மணிக்கட்டு தெரிந்தது. பதினெட்டில் கட்டை விரல் வெளியே வந்தது. இருபது சொல்வதற்குள் அத்தையின் கை வெள்ளைக் கையுறை போட்ட மாதிரி மடியில் கிடந்தது. நடனசபாபதி இரண்டு கையையும் எடுத்துத் தில்லைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். குண்டானிலிருந்து வெளியே வந்தது அத்தையின் கை மட்டுமில்லை, என் உயிரும் என்று தோன்றியது. பாதி உயிர்தான். மீதி அத்தையின் வாயில் இருந்தது.

அத்தை தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. "இது என்னாடி?" என்றாள்.

"மரவள்ளி மாவும் பச்சத் தண்ணியும் அத்த. வேற ஒண்ணும் கெடையாது."

"பொய் சொல்லாத. மாவுன்னா மாவாட்டம் இருக்கணும். தண்ணின்னா தண்ணியாட்டம் இருக்கணும்."

"மெதுவா தொட்டா தண்ணி ஆயா, வேகமா தொட்டா கல்லு" என்றாள் குப்பு. "உங்குளுக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி. எங்கிட்ட யாரு சொன்னா?"

"எங்க டீச்சர் சொன்னாங்க. கீழ வீதியில தேரு பாக்கக் கூட்டம் நிக்கும்ல? அதுல மெல்ல நவுந்தா சந்து வுடுவாங்க. முட்டித் தள்ளிக்கிட்டு ஓடுனா எல்லாரும் ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கிட்டு அப்டியே நின்னுடுவாங்க. மாவும் அது மாதிரிதான். தண்ணிக்குள்ள மாவுப் பொடி கூட்டமா நிக்குது."

அத்தை குப்புவைப் பார்த்தாள். பிறகு குண்டானைப் பார்த்தாள். சுட்டு விரலால் மெல்லத் தொட்டாள், உள்ளே போனது. எடுத்துவிட்டு முட்டியால் ஒரு குத்துக் குத்தினாள். டொக். மறுபடியும் மெல்ல. மறுபடியும் டொக். ஒரு பிடி அள்ளி உருட்டி, கையை விரித்து, அது உருகி ஒழுகுவதைப் பார்த்தாள். "அட இஸ்கி" என்று வியந்தாள். "உருட்டு உருட்டு, ஆயா, நிறுத்தாத!" என்று குப்பு அவள் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். இருவருமாக அதில் முக்கால் மணி நேரம் விளையாடினார்கள். காப்பி ஆறியது. கடிகாரம் நாலடித்தது. நடனசபாபதி ராகுகாலத்தை நினைத்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அத்தை மறந்துவிட்டாள், தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா, இட்லி மாவு எங்க?" என்றாள்.

புஷ்பவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லோரும் கொல்லைக்குப் போனோம். கிணற்றடியில் மண்பானை நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மலை நின்றது. மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, பானையை விட்டு வெளியேறி, துவைக்கிற கல்லைத் தாண்டி, பின்வீட்டு வேலி வரை போய்விட்டிருந்தது. அதன் புளிப்பு வாடையில் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு ஒன்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றது.

அத்தை மண்பானைக்கு முன்னால் போய் நின்றாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மெல்ல இறக்கி, ஒரே ஒரு விரலை மாவில் வைத்துப் பார்த்தாள்.

"புளிச்சிப் போச்சி" என்றாள்.

புளித்திருந்தால் மறதி. பரங்கிப்பேட்டையில் இதில் பாதி புளிப்புக்கே ஒரு பெண் கைநழுவிப் போனாள்.

"மறந்துட்டேன் அத்த" என்றாள் புஷ்பவள்ளி. "காலையிலேருந்து புள்ளைங்களோட இருந்துட்டேன். இன்னிக்கு நீங்க வர்றதே மத்தியானந்தான் ஞாபகம் வந்துச்சி."

மறைக்கத் தெரியாத பெண் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இப்படியா போட்டு உடைப்பாள் என்றும் இருந்தது.

அத்தை கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கையைக் கழுவினாள். கூடத்துக்கு வந்தாள். ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். மணி நாலு இருபது.

"குத்துனா கல்லாட்டம் இருக்கறது, மெதுவா தொட்டா தண்ணியாட்டம் இருக்குது" என்றாள், மாமாவைப் பார்த்து. "மத்த பதினொரு வூட்லயும் நான் மெதுவா தொட்டுப் பாக்கலியே. ஒரே குத்துல சொல்லிப்புட்டேனே."

"அதுக்கென்னா, திரும்ப ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார் மாமா. "பரங்கிப்பேட்ட பஜ்ஜி நல்லாருந்துச்சி."

அந்த ஒரு நிமிஷத்தில் என் தலையில் நரைத்த மயிர்கள் பதினொன்று. இதையும் எண்ணியிருக்கிறேன்.

"வாய மூடிக்கினு இருய்யா" என்றாள் அத்தை. "என்ன இத்தினி வருஷமா உக்கார வெக்க முடிஞ்சுதா உன்னால? இவ ஒரு வார்த்த சொன்னா, உக்காந்துட்டேன். நம்ம பையனும் என்ன மாதிரிதான், எதையும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கறவன். இவனுக்கு ஒரு புடி வேணும்." தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டாள். "மாவு நான் ஆட்டிக்கறேன். அது எனக்குத் தெரிஞ்ச வேலதானே?"

நான் மூச்சை விட்டேன். ரயிலில் ஏறியதிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. பதினொரு வீட்டு மிச்சமும் அதில் சேர்ந்துகொண்டது. அந்தக் காற்றில் சுவரில் இருந்த மாதக் காலண்டர் படபடத்து, ஆனி போய் ஆடி வந்து நின்றது.

நடனசபாபதி பதறிப் போய் எழுந்தார். ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கலாமா? காலண்டரை அவசரமாக ஆனிக்குத் திருப்பப் போனார்.

"ஏன் பின்னால திருப்பறீங்க?" என்றாள் அத்தை. "முன்னால இன்னும் ஒரு தாள் தள்ளுங்க. ஆவணியில எந்த நாளு நல்லாருக்குன்னு பாப்போம்."

கடிகாரத்தில் நாலு இருபத்தாறு. அவர் தாளைத் தள்ளினார். பிறகு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், இன்னும் ரெண்டு பஜ்ஜி எடுத்துக்கங்க" என்று மாமாவின் தட்டில் ஆறு வைத்தார்.

புஷ்பவள்ளி உள்ளே போகும்போது என் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். "முட்டைய எடுத்துட்டேன் சார்" என்றாள். அவளும் என்னை மறக்கவில்லை. மறதிக்காரி என்று யார் சொன்னது?

திரும்பும் ரயிலில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மடியில் நடனசபாபதி கட்டிக் கொடுத்த மரவள்ளி மாவுப் பொட்டலம். கிள்ளை தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு படிக்கு எத்தினி தண்ணின்னு சொன்னா?"

"ஒரு படி அத்த. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

"நாளைக்கு மார்க்கெட்ல அந்த வாயாடிங்க எல்லார் கையையும் இதுல வுடச் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள், உட்கார்ந்தபடியே.

மாமா துண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நாலு பஜ்ஜி இருந்தது. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ அங்க ஒண்ணுகூடத் துன்னல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

ஆறிப்போன வாழைக்காய் பஜ்ஜி. கடித்தேன். உப்பு இருந்தது, காரம் இருந்தது, காலையிலிருந்து என் நாக்குக்குத் தெரியாமல் போயிருந்த எல்லாம் இருந்தது.

"எப்டி மாமா, வரிசையில எத்தனாவது?"

மாமா கண்ணை மூடி, நிதானமாக மென்று, விழுங்கினார். "ஏழாவது" என்றார். "இருந்தாலும் பரவால்ல. இதுக்கு மேல வேற பஜ்ஜி தேட வேணாம்."